கலைத்து அடுக்கிய நாற்பத்திரண்டு கார்டுகள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ரேங்க் என்பது ஒழிந்துபோயிற்று. ஒழித்தது தில்லி. அறிவித்தது எங்கள் தலைமையாசிரியை. அதைப் பெற்றோர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

தலைமையாசிரியை மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு, ஒரு ஜோல்னாப் பை, ஒரு பேனா, தலையணை கனத்தில் சைக்ளோஸ்டைல் செய்த ஒரு கட்டு ஆகியவற்றோடு திரும்பி வந்திருந்தார். நாடு முழுவதற்குமான புதிய பாடத்திட்டம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. பேனா எழுதவில்லை.

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் நான்தான். பத்திரிகைகளில் மூன்று நகைச்சுவைக் கட்டுரைகள் வெளியாகியிருந்தன. யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் பள்ளியில் எனக்கு ‘தமாஷா பேசறவர்’ என்று ஒரு பெயர் ஏற்பட்டுவிட்டது.

“இத பேரண்ட்ஸுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்,” என்றார் தலைமையாசிரியை. “நான் சொன்னா சண்டைக்கு வருவா. நீங்க சொன்னா, சிரிக்கறதா கோச்சுக்கறதான்னு தெரியாம முழிச்சிண்டு உக்காந்திருப்பா. அதுக்குள்ள காப்பி குடுத்து அனுப்பிச்சுடலாம்.”

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கட்டைப் படித்தேன். ஒன்பதாம் வகுப்பு வரை மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. குழந்தை மகிழ்ச்சியாகக் கற்க வேண்டும். ஆசிரியர் மகிழ்ச்சியாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோர் மகிழ்ச்சியாக ஒத்துழைக்க வேண்டும். பக்கத்துக்கு நாலு மகிழ்ச்சி வீதம் போட்டிருந்தார்கள். இத்தனை மகிழ்ச்சியை நான் கல்யாணப் பத்திரிகைகளில்கூடப் பார்த்ததில்லை. சந்தேகம் வராமல் என்ன செய்யும்? எதையோ எடுத்துக்கொள்ளப் போகிறவர்கள்தான் இவ்வளவு சிரித்துப் பேசுவார்கள் என்று தோன்றியது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “வேலைய விட்டு அனுப்பறாளா?” என்று கேட்டாள்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. நாற்பத்திரண்டு குழந்தைகளுக்கு எழுபது பெற்றோர்கள் வந்திருந்தார்கள். சுற்றறிக்கையில் ‘மகிழ்ச்சியான செய்தி’ என்று தலைமையாசிரியை போட்டதுதான் காரணம். எல்லோரும் ஏதோ ஆபத்து என்று புரிந்துகொண்டு, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஜோடியாக வந்துவிட்டார்கள்.

சுவரில் படம் காட்டும் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தோம். முதல் படத்தைத் தலைகீழாக வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிய பாடத்திட்டம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, தலையைச் சாய்த்துப் படிக்க ஆரம்பித்தார்கள்.

நான் பேசினேன். குழந்தை ஒரு மொட்டு என்றேன். மார்க் என்பது வெயில் என்றேன். அப்புறம் மொட்டுக்கு வெயில் வேண்டுமே என்று எனக்கே உறைத்து, அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். முக்கால் மணி நேரம். பிறகு, “கேள்விகள் இருந்தால் கேட்கலாம்,” என்றேன்.

“மார்க் இல்லேன்னா படிக்கலேன்னு அவன எப்படி சார் திட்டறது?” என்று ஓர் அப்பா எழுந்தார். “இப்போ முப்பத்தெட்டு வாங்கிண்டு வரான், ஏண்டா முப்பத்தெட்டுன்னு கேக்கறேன். இனிமே எத வெச்சுண்டு கேக்கறது?”

“திட்ட வேண்டாம் என்பதுதான் சார் நோக்கம்.”

“அது தில்லியோட நோக்கம். என் நோக்கம்னு ஒண்ணு இருக்கோன்னோ?”

இன்னொருவர், “இதுக்கு நோட்ஸ் வந்தாச்சா?” என்று கேட்டார். பரீட்சையே கிடையாது, எதற்கு நோட்ஸ் என்றேன். “பாண்டி பஜார்ல ஒரு கடைல கேட்டேன். அடுத்த வாரம் வரதுன்னானே,” என்றார், என்னைவிடக் கடைக்காரனை நம்புகிற பார்வையோடு. அடுத்த வாரம் வரவும் வந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மடக்கிய குடை, தோளில் பெண்ணின் தண்ணீர் பாட்டில். அவரை எனக்குத் தெரியும். மயிலாப்பூர்க்காரர். மாட வீதிக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் குடியிருந்தவர்கள் இரண்டு வருஷம் முன்பு பாலவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்ணை மட்டும் எங்கள் பள்ளியிலேயே விட்டிருந்தார்கள். காலையில் இரண்டு பஸ், சாயங்காலம் இரண்டு பஸ், கூடவே அம்மாவும்.

“சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்,” என்றார். “மார்க் கிடையாதுங்கறீங்களா, இல்ல எங்ககிட்ட சொல்ல மாட்டோம்ங்கறீங்களா?”

எழுபது பேரும் கேட்க நினைத்த கேள்வி அதுதான்.

“கிடையவே கிடையாதும்மா,” என்றேன். “போடவே மாட்டோம். போட்டால்தானே சொல்வதற்கு?”

சொன்ன அன்றைக்கு அது உண்மை. சத்தியமாக உண்மை.

கூட்டம் முடிந்ததும் அவர் மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். தன் கஷ்டத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் வீடுகளுக்கு ஒயரிங் எடுத்துச் செய்கிறவர். வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்க, பத்து வயசுப் பெண்ணை எதற்காகத் தினமும் நாலு பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறாம் வகுப்புக்கு அங்கேயே சேர்த்துவிடுவது என்று முடிவோடு இருந்தார். அவரைச் சமாளிக்க இந்த அம்மாவிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம். இரண்டாம் வகுப்பில் முதல் ரேங்க், மூன்றாம் வகுப்பில் முதல் ரேங்க், நாலாம் வகுப்பில் முதல் ரேங்க். ஒவ்வொரு வருஷமும் கார்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, ‘ஃபர்ஸ்ட் வர பொண்ண யாராவது ஸ்கூல் மாத்துவாங்களா?’ என்று கேட்டு வாயை அடைத்திருக்கிறார்.

“இந்த வருஷம் எதை சார் நீட்டறது?” என்றார்.

நான் மொட்டைப் பற்றி மறுபடி ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ‘நீயும் இதுக்கு உடந்தையா?’ என்று இருந்தது.

*

செப்டம்பரில் முதல் பருவத் தேர்வு வந்தது. தேர்வு என்று சொல்லக் கூடாது, ‘மதிப்பீடு’. விடைத்தாள்களைப் பிரித்து முதல் தாளைத் திருத்தினேன். முடித்ததும், யாரும் சொல்லாமலே, என் கை வலது மூலைக்குப் போய் எழுபத்தொன்பது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டது. பதினெட்டு வருஷம் பழகிய கை. அதை அழித்துவிட்டு, ‘நன்று’ என்று எழுதினேன். அடுத்த தாளுக்கும் நன்று. ஆனால் இந்த நன்றுக்கும் அந்த நன்றுக்கும் இருபது மார்க் வித்தியாசம் இருப்பது எனக்குத் தெரியுமே! தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியவில்லை. லஸ் முனையில் ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, பென்சிலால் குறித்துவைத்தேன். யாருக்கும் காட்டப் போவதில்லை, என் திருப்திக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

நான் மட்டும்தான் தில்லிக்குத் துரோகம் செய்கிறேன் என்று ஒரு மாதம் குற்ற உணர்ச்சியோடு அலைந்தேன். ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறைக்குள் நான் திடீரென்று நுழைந்தபோது, ஆறு பேர் ஒரே சமயத்தில் ஆறு நீள நோட்டுகளை மூடினார்கள். அப்புறம் மனசு லேசாயிற்று.

ஏப்ரலில் கார்டு எழுதும் வேளை வந்தது. ஒவ்வொரு கார்டிலும் ஆறு கட்டங்கள். மிக நன்று, நன்று, முயற்சி தேவை என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, “முயற்சி தேவைன்னு யாருக்கும் போடாதேள். நேரா என் ரூமுக்கு வந்து நிப்பா,” என்றார். சரி என்றோம். வாசல் வரை போனவர் திரும்பி, “மிக நன்றும் வேண்டாம். அவாளுக்கு மட்டும் ஏன்னு மத்தவா வந்து நிப்பா,” என்றார். ஆக, நாற்பத்திரண்டு கார்டு, கார்டுக்கு ஆறு நன்று. இருநூற்றைம்பத்திரண்டு தடவை நன்று எழுதினேன். கடைசியில் அந்தச் சொல்லே எனக்கு அன்னியமாகிவிட்டது.

எழுதும்போது பெயர்களை எதைப் பார்த்து எழுதினேன்? நீள நோட்டைப் பார்த்து. நீள நோட்டில் பெயர்கள் எந்த வரிசையில் இருந்தன? மார்க் வரிசையில். பாலவாக்கத்துப் பெண் முதலில். அந்த வருஷமும் அவள்தான்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் கார்டு கொடுக்கும் நாளில் பெற்றோரை வகுப்பில் உட்காரவைத்து, முதல் ரேங்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது வழக்கம். முதல் கார்டுக்குக் கைதட்டல். பத்து வரை புன்னகை. இருபதுக்கு மேல் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். கடைசிப் பத்துக்குள் பெயர் வரும் என்று தெரிந்த அப்பாக்கள் அரை மணி தாமதமாகத்தான் வருவார்கள். வந்து, ‘டிராஃபிக் சார்,’ என்பார்கள். கடைசிப் பெயருக்கு உரிய பையனின் அம்மா எல்லோரும் போன பிறகு ஆபீஸ் அறையில் வந்து வாங்கிக்கொள்வார். பல தலைமுறையாக இதுதான் நடைமுறை.

அந்தச் சனிக்கிழமை அரை மணி தாமதம் யாரும் இல்லை. எழுபது பேரும் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். சின்னப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். முதல் கார்டைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கட்டு அப்படியே ரேங்க் வரிசையில் இருந்தது. இதைக் கூப்பிட ஆரம்பித்தால், ஒரு வருஷமாக மொட்டு மலர் என்று நான் பேசியதெல்லாம் ஐந்து நிமிஷத்தில் காலி. தலைமையாசிரியை வேறு கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

மேஜைக்கு அடியில் கையை விட்டுக் கார்டுகளைக் கலைத்தேன். சீட்டுக்கட்டு மாதிரி இரண்டு பாதியாகப் பிரித்துச் செருகி, மறுபடி வெட்டி, மறுபடி செருகி. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். தில்லியின் மானம் என் மடியில் பிழைத்தது.

முதல் பெயரைக் கூப்பிட்டேன். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு பாயின் மகன். தங்கமான பையன். கணக்கும் அவனும் மட்டும் பேச்சுவார்த்தையில் இல்லை. என் நோட்டில் முப்பத்தொன்றாவது இடம்.

பெயரைக் கூப்பிட்டதும் கைதட்டல் எழுந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் அப்பா எழுந்திருக்கவில்லை. இரு பக்கமும் திரும்பிப் பார்த்தார். “சார், நம்ம பையனா?” என்றார். “கார்டு ஏதும் மாறிப் போச்சா? ஒரு தபா நல்லா பாருங்க சார்.” பார்த்தேன், உங்கள் பையன்தான் என்றேன். வந்து வாங்கிக்கொண்டவர் என் கையை விடவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்க அம்மா இத பாத்தா நம்பவே மாட்டா. நானே நம்பல,” என்றார்.

இரண்டாவது பெயர். பின் பெஞ்சில் ஓர் அம்மா டைரியின் பின்பக்கத்தில் எழுதினார். மூன்றாவது பெயருக்கு நாலு பேர் எழுதினார்கள். எட்டாவது கார்டு வரும்போது அறையில் பாதிப் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். பஸ் டிக்கெட்டின் முதுகில், உள்ளங்கையில், ஒருவர் சட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்த மருந்துச் சீட்டில். அப்போதுதான் விஷயம் என் மண்டையில் ஏறியது.

“ஒரு நிமிஷம்,” என்றேன். “இது ரேங்க் வரிசை இல்லை. எந்த வரிசையும் இல்லை. சும்மா கலைத்து அடுக்கியதுதான்.”

யாரோ சிரித்தார்கள். முப்பத்தெட்டு மார்க் பையனின் அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எதுக்கு சார் கலைக்கணும்?” என்றார் சாவதானமாக. “வரிசைன்னு ஒண்ணு இருந்தாத்தானே கலைக்கணும்?”

உதவிக்குக் கதவுப் பக்கம் திரும்பினேன். தலைமையாசிரியை இருந்த இடத்தில் கதவு மட்டும் இருந்தது.

மீதிப் பெயர்களை வேகமாகக் கூப்பிட்டேன். வேகமாகக் கூப்பிட்டால் ரகசியம் என்று அர்த்தம், அதனால் இன்னும் கவனமாக எழுதினார்கள். பாலவாக்கத்துப் பெண்ணின் கார்டு இருபத்தேழாவதாக வந்தது. அந்த அம்மா எழுந்து வந்தார். கையெழுத்துப் போட்டார். ஆறு நன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, குடையை மறந்துவிட்டுப் போனார்.

*

திங்கட்கிழமை குடையை எடுக்க வந்தவர் கையில் ஒரு கடிதமும் இருந்தது. டி.சி. கேட்டு. காரணம் என்ற இடத்தில் ‘வீடு தொலைவு’ என்று எழுதியிருந்தது. ஆபீஸில் வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

“அம்மா, அது ரேங்க் இல்லை,” என்றேன் வராந்தாவில் ஓடிப்போய்.

“நீங்க கூட்டத்துல மார்க்கே இல்லேன்னீங்க. சரின்னேன். அப்புறம் கலைச்சேன்னீங்க. இப்ப ரேங்க் இல்லேங்கறீங்க. எதை சார் நான் நம்பணும்?” என்றார். கோபமாகக்கூட இல்லை. “பாதிப் பேர்கிட்ட அந்த லிஸ்ட் இருக்கு சார். பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்து ஒருத்தர், ‘பரவால்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ங்கறார். இருபத்தேழுன்னு தெரிஞ்சப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட வாதாடறது?”

“இருபத்தேழு இல்லைம்மா.”

“அப்ப எத்தனை?”

ஆபீஸ் ஜன்னலுக்குள் தலைமையாசிரியை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதுகு கேட்டுக்கொண்டிருந்தது. “ரேங்க் என்று எதுவும் கிடையாது,” என்றேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்றால், யாராவது வேறு ஆள் இதைச் சரிசெய்வாரா என்று காத்திருந்தேன். புதன்கிழமை மதியம் தலைமையாசிரியை அறைக்குப் போய், “நான் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பலாமா? ஒரு இடத்துக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“எங்கேன்னு சொல்லாதேள்,” என்றார். “நான் கேக்கலை. கையில என்ன நோட்டுன்னும் நான் கேக்கலை.”

திருவான்மியூரில் பஸ் மாறி, பாலவாக்கத்தில் இறங்கியபோது மணி நாலு. கடல் காற்று வந்தது, ஆனால் அதுவும் சூடாகத்தான் வந்தது. அந்தத் தூரத்தைத் தினம் அந்த அம்மாவும் பெண்ணும் வருகிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் தெரிந்தது. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பூசாத செங்கல் சுவர் வீடு. வாசலில் ஒயர்ச் சுருள்கள். கதவைத் திறந்தது அந்தப் பெண். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, “சார், நான் ஒண்ணுமே பண்ணலை சார்,” என்றாள். பிறகு உள்ளே ஓடினாள்.

அவள் அப்பா லுங்கியோடு வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அந்த அம்மா சமையலறை நிலைவாசலில் நின்றார். உட்காரவும் இல்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

“உங்கள் பெண் இருபத்தேழு இல்லை. முதல்,” என்றேன்.

பெண்ணின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், ஸ்கூல்ல ஆளுங்க கொறஞ்சிட்டாங்களா?”

“இல்லையே.”

“பின்ன? டி.சி. கேட்டா வாத்தியாரே வூட்டுக்கு வந்து ஃபர்ஸ்ட்டுன்றாரு. அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி சொல்ல வேண்டியதுதானே?”

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கூட்டத்தில் எழுபது பேர் முன்னிலையில் இல்லவே இல்லை என்று நான் சொன்ன மார்க்குகள், நாற்பத்திரண்டு பேருக்கும், மூன்று பருவத்துக்கும், கூட்டலோடு அதில் இருந்தன. அந்த அம்மா நிலையை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தார். “போடவே மாட்டோம்னீங்களே!” என்றார். நான் தரையைப் பார்த்தேன். சிமெண்ட் தரை, நன்றாகப் பூசியிருந்தார்கள்.

பெண்ணின் அப்பா முதல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விரலால் தடவினார். “பென்சில்ல கீது.”

“அழிக்க வசதியாக இருக்கட்டும் என்று...”

“அத்தான் சார் நானும் சொல்றேன். பஸ்ல வர சொல்லோ எழுதிக்கினு வந்திருந்தா எனக்கு எப்படி தெரியும்?”

வாதத்தில் தப்பே இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அப்போது அவர் ஓரத்தில் எதையோ எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஓரத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எனக்காக இரண்டு வரி குறித்து வைத்திருந்தேன். அதை வேறு கண் படிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“வாய் மூடாது,” என்று படித்தார். “கையெழுத்து... கோழி. போர்டில் நான் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்து எல்லாருக்கும் கேட்கச் சொல்கிறாள். திமிர்.”

பிறகு அவர் சிரித்தார். வாசலில் இருந்த நாய் எழுந்து நிற்கிற அளவுக்குச் சிரித்தார். “ஏய், இங்க வா! இத கேளு. வாய் மூடாதாம்!” என்று பெண்டாட்டியிடம் நோட்டைக் காட்டினார். “டூப்பு வுட வந்த ஆளு இத்தயா எழுதிக்கினு வருவான்? நம்ம பொண்ணுதான்டி இது. ஃபர்ஸ்ட்டுதான்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி அந்த வரியைத் தானே படித்தார்.

“என்ன சார் இது, திமிருன்னு எழுதியிருக்கீங்க?”

“அது வந்தும்மா...”

“போர்டுல நீங்க போட்ட கணக்கு தப்பா, இல்லையா?”

“தப்புதான்.”

“அவ சொன்னது சரியா?”

“சரிதான்.”

“அப்புறம் எங்கேர்ந்து சார் திமிரு வந்துச்சு?”

ஒரு வருஷமாக என்மேல் இருந்த கோபம் அத்தனையும் அந்த ஒரு வார்த்தைமேல் இறங்கியது. இரண்டு பஸ் மாறிப் பெண்ணை அனுப்புவது வாத்தியார் தப்பாகப் போட்டாலும் வாயை மூடிக்கொண்டு உட்காரவா என்று கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தேன். அழித்துவிடுகிறேன் என்றேன்.

“அழிக்காத சார்!” என்று பெண்ணின் அப்பா நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். “எனக்கு சாட்சியே அதானே!”

உள்ளறையிலிருந்து அந்தப் பெண் தலையை நீட்டி, “அம்மா, அன்னிக்கு அது கணக்கு தப்பில்லம்மா, கூட்டல் தப்பு,” என்றாள். அவள் அப்பா என்னைப் பார்த்து, ‘பாத்தியா’ என்பது போல் கையை விரித்தார்.

காப்பி வந்தது. அந்த அம்மா டம்ளரை என் முன்னால் சத்தத்தோடு வைத்தார். குடித்து முடிக்கும் வரை டி.சி.யைப் பற்றி யாரும் பேசவில்லை. கிளம்பும்போது பெண்ணின் அப்பா வாசல் வரை வந்தார்.

“நாளிக்கு நான் வந்து அந்த லெட்டர திருப்பி வாங்கிக்கறேன். அங்கியே படிக்கட்டும்,” என்றார். “ஆனா ஒண்ணு சார். உங்க கார்ட நான் நம்ப மாட்டேன். வருசா வருசம் நீயே நோட்ட எடுத்துக்கினு வந்து சொல்லணும்.”

அப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்று சரி சொல்லிவிட்டேன்.

ஆனால் அவர் மறக்கவில்லை. அடுத்த ஏப்ரலில் பள்ளிக்கு ஆள் அனுப்பினார். ஆறாம் வகுப்பு ஆசிரியையிடம் அவருடைய நீள நோட்டை இரவல் கேட்டபோது, அப்படி ஒரு நோட்டே தன்னிடம் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, மறுநாள் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் இடம் என்று பாலவாக்கம் போய்ச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் நாலாம் இடம். அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் ஓரக் குறிப்புகளைத்தான் முதலில் படித்தார். எந்தெந்த ஆசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்று என்னிடம் விளக்கம் கேட்டார். நான் எழுதாததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

எட்டாம் வகுப்பில் பதினொன்று. அதற்குள் பெண்ணின் அப்பாவும் ஊர்க்காரர்களும் பேசிவைத்தாற்போல அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் பெரிதாக வளர்ந்து, மாடி கட்டி, சொந்த பஸ்ஸும் விட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அங்கே விண்ணப்பம் கொடுக்க அந்த வாரம்தான் கடைசி. திருவான்மியூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எப்படிச் சொல்வது என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றிலும் பதினொன்று வந்தது.

நேராகவே சொன்னேன். அவர் நோட்டை வாங்கவில்லை. “இன்னொரு தபா கூட்டிப் பாரு சார்,” என்றார்.

அங்கேயே உட்கார்ந்து கூட்டினேன். அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா நிலையில் நின்றிருந்தார். பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மூன்று தடவை கூட்டினேன். பதினொன்றுதான்.

“பதினொண்ணா,” என்றார் பெண்ணின் அப்பா. ஷெல்ஃபில் இருந்த விண்ணப்பத்தை எடுத்து, இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த என் நாற்காலியின் காலுக்கு அடியில் செருகினார்.

“பஸ்ஸு கீது, மாடி கீது, எல்லாம் கீது,” என்றார். “அங்க போட்டா வருசா வருசம் இந்த நோட்ட யாரு எடுத்துக்கினு வருவாங்க?”